லேத்துக்கு டிஜிட்டல் ரீட்அவுட்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை: வீட்டு லேத்தில் டி.ஆர்.ஓ. எனப்படும் டிஜிட்டல் ரீட்அவுட் பூட்டுவது. லேத்தின் பாகங்கள் நகரும் தூரத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் கருவி அது; தூரத்தை அளக்க ஒரு ஸ்கேலும், அதன்மேல் ஓடி வாசிக்க ஒரு ரீடர் ஹெட்டும் உண்டு. திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கடற்கரையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கென்று சில தனித் தொல்லைகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 7×14 அங்குலச் சின்ன லேத். கண்ணாடி ஸ்கேல் வாங்குவதா, காந்த நாடா வாங்குவதா? எவ்வளவு நீளம் கேட்க வேண்டும்? (வாசகர், உவர்மலை)

முதலில் நீளத்தைப் பாருங்கள். அது பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். சாடிலை, அதாவது லேத்தின் பெட் எனும் தண்டவாளத்தில் ஓடும் வண்டியை, துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோகலாமோ அவ்வளவு கொண்டுபோய், பெட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுமுனையில் துண்டைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கைக் கழற்றிவிட்டு, சாடிலை மறு அந்தம்வரை இழுத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஸ்கேல் அளக்க வேண்டிய தூரம். அது 290 மி.மீ. வந்தால் 300 வாங்காதீர்கள், 350 வாங்குங்கள். அளக்கும் எல்லையைத் தாண்டிச் சாடில் போனால் ரீடர் ஹெட் ஸ்கேலின் மூடியில் போய் இடிக்கும். கண்ணாடி ஸ்கேல் பழுதாக இந்த இடியே போதும்.

இன்னொன்றும் உண்டு. சாதாரணக் கண்ணாடி ஸ்கேலின் வெளி உடல், அளக்கும் நீளத்தைவிடச் சுமார் 140 மி.மீ. கூடுதலாக இருக்கும். 350 ஸ்கேல் என்றால் பெட்டின் பின்புறத்தில் அரை மீற்றர் இடம் வேண்டும். மோட்டர் அங்கே குறுக்கே நிற்கிறதா என்று காசு கட்டுமுன் பாருங்கள். சாடிலின்மேல் குறுக்கே ஓடும் கிராஸ்ஸ்லைட்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 7×14 லேத்தின் கிராஸ்ஸ்லைட் அளவே சின்னது, அதில் சாதாரண ஸ்கேல் ஏறாது. அங்கே மெல்லிய வகைக் கண்ணாடி ஸ்கேல் அல்லது காந்த நாடாதான் சரி.

காந்த நாடாவை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், இடம் குறைவாகப் பிடிக்கும், எண்ணெயும் கூலண்டும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. இரும்புத் தூசு மட்டும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு மேலே ஒட்டி, ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டும். சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரின் காந்தத் தளத்தை அந்த நாடாவுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பலமான காந்தம் பட்ட இடத்தில் நாடாவின் பதிவு கெட்டுவிடும், பிறகு திருத்த வழியில்லை.

நுணுக்கம் எவ்வளவு வேண்டும் என்றால், நீளவாட்டுக்கு, அதாவது இசட் அச்சுக்கு, 5 மைக்ரோன் தாராளம். எக்ஸ் அச்சான கிராஸ்ஸ்லைட்டுக்கு 1 மைக்ரோன் எடுங்கள். திரை விட்டத்தைக் காட்டும்போது ஸ்கேலின் ஒவ்வொரு படியும் இரட்டிக்கும்: 5 மைக்ரோன் ஸ்கேல் விட்டத்தில் 0.01 மி.மீ. ஆகத்தான் நகரும். பெயரிங் இருக்கைகள் கடைபவருக்கு அது போதாது.

கேள்வி: பெட்டின் பின்புறம் வார்ப்பு கரடுமுரடாக இருக்கிறது. நேராக அதிலேயே ஸ்கேலை முடுக்கலாமா? (வாசகர், உப்புவெளி)

முடுக்கவே கூடாது. மேடுபள்ளமான வார்ப்பில் வைத்து இறுக்கினால் ஸ்கேலின் அலுமினிய உடல் வளையும், உள்ளே கண்ணாடிக்கு அழுத்தம் வரும்.

10 மி.மீ. தடிப்பு அலுமினியப் பட்டை ஒன்றை ஸ்கேலைவிட 20 மி.மீ. நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டு எம்6 போல்ட்டால் பெட்டில் பிடிக்க வேண்டும். வார்ப்பில் 5 மி.மீ. துளை போட்டு எம்6 மரை வெட்டுங்கள். வார்ப்பிரும்பைத் துளைக்க எண்ணெய் வேண்டாம், காய்ந்தபடியே போடலாம். கறுப்புத் தூள் வழுக்குப் பாதையில் விழாமல் முன்னதாகவே துணி விரித்து மூடி, தூளை வெக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் தேய்ப்பான் பசைபோல வேலை செய்து பெட்டையே தின்னும்.

பட்டையின் நான்கு மூலைகளிலும் எம்6 மரை வெட்டி, தலையில்லாத திருகாணிகளைப் போடுங்கள். இவை வார்ப்பை முட்டித் தள்ளும், போல்ட்டுகள் இழுக்கும். தள்ளலுக்கும் இழுவைக்கும் நடுவில் பட்டையை நினைத்த மாதிரி நேராக்கலாம். டயல் இண்டிகேட்டரைச் சாடிலில் நிறுத்தி, முனையைப் பட்டையின் முகத்தில் வைத்து, சாடிலை இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம்வரை ஓட்டுங்கள். 0.05 மி.மீ.க்குள் வந்ததும் ஸ்கேலைப் பட்டையில் மெதுவாக முடுக்கி, அதன் மேல் விளிம்பையும் முகத்தையும் அதேபோல ஓட்டிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் போதும். ஸ்கேலின் ரப்பர் உதடு இருக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் சீவலும் கூலண்டும் நேராக உள்ளே இறங்கும்.

இவ்வளவு நேராக்குவது அளவு பிசகாமல் இருக்கத்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 மி.மீ. தூரத்தில் ஸ்கேல் 1 மி.மீ. சரிந்திருந்தாலும் அளவில் வரும் பிழை 0.00125 மி.மீ. தான், அதை நீங்கள் காணவே மாட்டீர்கள். சரிவு உண்மையில் கெடுப்பது ரீடர் ஹெட்டை. ஹெட்டுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் உள்ளேயுள்ள சின்ன உருளைகளும் ரப்பரும் இழுபட்டுத் தேயும். இன்று ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து எண்கள் துள்ளத் தொடங்கும்.

ஹெட்டைப் பிடிக்கும் கை 8 மி.மீ. எஃகில் எல் வடிவில் இருக்கட்டும். மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்துப் போட்டால் அது ஆடும், திரையில் பொய் தெரியும். ஸ்கேலோடு வரும் நிறப் பிளாஸ்டிக் பிடிகளை உடனே கழற்றாதீர்கள். ஹெட்டுக்கும் உடலுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை, சாதாரணமாக 1 மி.மீ. அளவு, பிடித்து வைத்திருப்பவை அவைதான். கையை ஹெட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். இடையில் வெளி மிஞ்சினால் அதே தடிப்புத் தகட்டுத் துண்டுகளை வைத்து நிரப்புங்கள். திருகாணியை இறுக்கி ஹெட்டைக் கைக்கு இழுத்தால் பூட்டும்போதே அது கோணிவிடும். எல்லாம் இறுகிய பிறகு பிளாஸ்டிக் பிடிகளை எடுத்து, சாடிலைக் கையால் மெல்ல முழு நீளத்துக்கும் ஓட்டிக் காது கொடுங்கள். எங்காவது உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி இடைவெளியைப் பாருங்கள்.

கேள்வி: கிராஸ்ஸ்லைட் ஸ்கேலைச் சக் பக்கம் வைப்பதா, டெயில்ஸ்டொக் பக்கம் வைப்பதா? டெயில்ஸ்டொக் பக்கம் வைத்தால் சாடில் பூட்டும் போல்ட் மறைகிறது. (வாசகர், சீனன்குடா)

எங்கள் தெரிவு டெயில்ஸ்டொக் பக்கம். சக் பக்கத்தில் சூடான சீவல் நேரே அதன்மேல் விழும். பெரிய விட்டத்துக்குத் தாடைகளை வெளியே தள்ளி வைத்துவிட்டு ஒருநாள் மறந்தீர்களானால் ஸ்கேல் போய்விடும். டெயில்ஸ்டொக் பக்கம் வைப்பதில் சாடில் 20, 25 மி.மீ. முன்னரே டெயில்ஸ்டொக்கில் முட்டும் நட்டம் இருக்கிறது. டெயில்ஸ்டொக்கின் குழலைக் கொஞ்சம் கூட வெளியே நீட்டி வேலை செய்தால் அது பெரும்பாலும் ஈடாகும்.

மறையும் போல்ட்டுக்கு வழி சுலபம். அதை எடுத்துவிட்டு நீளமான அறுகோணத் தலைப் போல்ட் ஒன்றைப் போட்டு, தலை ஸ்கேலுக்கு மேலே வரும்படி செய்யுங்கள். ஸ்லைட்டின் ஆட்டத்தை எடுக்கும் கிப் பட்டையின் திருகாணிகளும் அதே பக்கத்தில் இருந்தால், மூடும் தகட்டில் அலன் கீ நுழையுமளவுக்குத் துளை போட்டுவிடுங்கள். இதை விட்டால், கிப் இறுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் ஸ்கேலைக் கழற்ற வேண்டிவரும். அந்தச் சலிப்பிலேயே இறுக்காமல் விட்டுவிடுவீர்கள்.

ஸ்கேலின் உடலைக் கிராஸ்ஸ்லைட்டிலும் ஹெட்டைச் சாடிலிலும் பூட்டுங்கள். அப்போது கிராஸ்ஸ்லைட் நகர்ந்தாலும் கேபிள் அசையாது. எம்4 மரைக்குத் துளை 3.3 மி.மீ.; கிராஸ்ஸ்லைட்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் போட வேண்டும். சின்ன லேத்துகளில் பக்கச் சுவர் மெல்லியது. 8 மி.மீ. ஆழத்துக்கு டிரில்லில் நாடா சுற்றி அடையாளம் வைக்காவிட்டால் துளை வழுக்குப் பாதைக்குள் வந்துவிடும்.

கேள்வி: டி.ஆர்.ஓ. பூட்டிய பிறகும் அளவு பிழைக்கிறது. திரையில் 40.00 வைத்துக் கடைந்த நைலோன் புஷ் மறுநாள் 39.94. இரும்பிலும் சிலவேளை 0.03, 0.04 கூடிவருகிறது. ஸ்கேல் பழுதா? (வாசகர், கிண்ணியா)

ஸ்கேலுக்குப் பழுதில்லை. கிராஸ்ஸ்லைட் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் ஸ்கேலுக்குத் தெரியும். வெட்டும் கூரின் நுனி எங்கே, துண்டு எவ்வளவு சூடு, எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நைலோனுக்குக் காரணம் சூடு. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் நைலோன் மீற்றருக்குச் சுமார் 80 மைக்ரோன் விரியும். இரும்பு 11, 12 தான். 40 மி.மீ. நைலோன் கடையும்போது 20 பாகை சூடேறினால் விட்டம் 0.06 மி.மீ. பெருத்து நிற்கும், ஆறியதும் அவ்வளவும் சுருங்கும். உங்கள் 39.94 அதுதான். கடைசி வெட்டுக்கு 0.5 மி.மீ. வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கூரான முனையால் மெல்ல எடுங்கள். வள்ளத்தின் சாஃப்டுக்கு என்றால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நைலோன் நீரை உறிஞ்சி ஊதும். உள்விட்டத்தில் அதற்கும் இடம் விடாவிட்டால் கடலில் ஒரு கிழமை கிடந்த பிறகு சாஃப்டைப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பில் வரும் பிழைக்கு ஒரு சோதனை சொல்கிறோம். கால் மணி நேர வேலைதான், ஆனால் குற்றம் எங்கே என்று சுட்டிக் காட்டிவிடும். மெசினை நிறுத்தி, எக்ஸை 0 ஆக்குங்கள். காந்தத் தளத்தைப் பெட்டில் வைத்து இண்டிகேட்டர் முனையை, கூர் பூட்டும் டூல்போஸ்ட்டில் முட்டவிடுங்கள். (காந்த நாடா பூட்டியவர்கள் அதற்குத் தூரமாக வைக்க வேண்டும்.) இனி டூல்போஸ்ட்டைக் கையால் உங்கள் பக்கம் பலமாக இழுத்து, பிறகு தள்ளுங்கள்.

இண்டிகேட்டரும் திரையும் சேர்ந்து அசைந்தால் கிராஸ்ஸ்லைட்டே ஓடுகிறது: ஸ்குரூவின் மரையில் உள்ள இடைவெளி, தளர்ந்த கிப். டி.ஆர்.ஓ. இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்லைட் எங்கே நிற்கிறது என்று திரை சொல்லும், அதை அங்கே பிடித்து நிறுத்தாது. வெட்டு அழுத்தத்தில் ஸ்லைட் பின்வாங்கினால் விட்டம் கூடித்தான் வரும். கிப்பைக் கைப்பிடி சற்றுக் கனமாகத் திரும்புமளவுக்கு இறுக்குங்கள்.

இண்டிகேட்டர் அசைந்து திரை அசையாமல் நின்றால் தளர்வு ஸ்லைட்டுக்கு மேலே இருக்கிறது. பெரும்பாலும் கிராஸ்ஸ்லைட்டின்மேல் இருக்கும் டொப் ஸ்லைட்டின் கிப், அல்லது டூல்போஸ்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சீவல்.

மூன்றாவதாக, இண்டிகேட்டர் முனையைக் கிராஸ்ஸ்லைட்டின் உடலிலேயே வைத்து, ரீடர் ஹெட்டின் கையை விரலால் அழுத்துங்கள். இண்டிகேட்டர் அசையாமல் திரை மாறினால் கை மெல்லியது, அல்லது அதன் திருகாணி தளர்ந்திருக்கிறது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அளவு கூடிவந்தால் கடையும் முறையைப் பாருங்கள். 1 மி.மீ. எடுக்க மிஞ்சியிருக்கும்போது 0.96 எடுத்துவிட்டு 0.04 ஐ மிச்சம் வைத்தால் அந்தக் கடைசி வெட்டில் கூர் வெட்டாது, தேய்க்கும். முனை சற்று மழுங்கலாக வரும் கார்பைட் கூர்களில் இது நிச்சயம் நடக்கும். 0.5 எடுங்கள், ஆறவிட்டு மைக்ரோமீற்றரால் அளந்து, ஸ்லைட்டை அசைக்காமல் அந்த விட்டத்தையே எக்ஸில் பதியுங்கள்; மிச்ச 0.5 ஐ அதே வேகத்தில், அதே ஓட்டத்தில் எடுங்கள். இரண்டு வெட்டும் ஒரே கனமாக இருந்தால் வளைவும் ஒரே அளவாக இருக்கும், அளவு விழ வேண்டிய இடத்தில் விழும். உள்துளை கடையும் கம்பிக்கு இது இரட்டிப்பு முக்கியம்: கம்பியை இரு மடங்கு நீட்டினால் எட்டு மடங்கு வளையும்.

கேள்வி: வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் போட்ட மோட்டர் ஓடத் தொடங்கியதும் திரையில் கடைசி இலக்கங்கள் ஆடுகின்றன. ட்ரிப் சுவிட்ச்சும் சிலவேளை விழுகிறது. (வாசகர், மூதூர்)

இரண்டுக்கும் மூலம் இன்வெர்ட்டர்தான். மோட்டருக்குப் போகும் கம்பியைக் கவசம் உள்ள கேபிளாக மாற்றி, கவசத்தை இன்வெர்ட்டரின் எர்த்தில் கட்டுங்கள். ஸ்கேல் கேபிளை அதனோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு சாண் தள்ளிப் போகட்டும், குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். திரைப்பெட்டியின் பின்னால் இருக்கும் எர்த் திருகாணியிலிருந்து லேத்தின் உடலுக்கு ஒரு தடித்த கம்பி. பிளக்கை எர்த் உள்ள சொக்கெட்டிலேயே போடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி பின்னால் கட்டாமலே கிடப்பதுண்டு, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

இன்வெர்ட்டரின் வடிகட்டி எப்போதும் சிறிது மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றின் கீழ் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் பம்பும் சேர்ந்திருந்தால் எல்லாக் கசிவும் கூடி அதை விழுத்தும். லேத்துக்குத் தனி இணைப்பும் தனி ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும். சுவிட்ச்சை நீக்கிவிட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

வேறு வேறு இடத்தில் வாங்கிய ஸ்கேலையும் திரையையும் இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒன்பது முள் பிளக் பொருந்திவிட்டது என்பதால் உள்ளே கம்பிகளும் பொருந்தும் என்றில்லை. எந்த முள்ளில் 5 வோல்ட், எந்த முள்ளில் சிக்னல் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே சொருகுங்கள்.

கேள்வி: வீடு கடலுக்கு 200 மீற்றரில். மாரி காலத்தில் எல்லாம் கறள் பிடிக்கிறது. ஸ்கேல் தாங்குமா? (வாசகர், நிலாவெளி)

கண்ணாடிக்குக் கறள் இல்லை. கறள் பிடிப்பது அதைச் சுற்றியுள்ளவை: ஹெட்டின் சின்ன பெயரிங், திருகாணிகள், திரையின் பின்னால் உள்ள பிளக் முட்கள். திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள், ஆனால் அலுமினியப் பட்டையில் ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவாவிட்டால் உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றையொன்று அரித்து இறுகி, பிறகு கழற்ற வராது. பிளக்குகளை ஆண்டுக்கு இரண்டுமுறையாவது கழற்றி, முட்களைச் சுத்தம் செய்து, சொருகிய பின் மேலே நாடா சுற்றுங்கள்.

ஒக்டோபரில் வாடை தொடங்கி ஜனவரிவரை இரவில் குளிர்ந்த இரும்பில் விடிய ஈரக்காற்று பட்டுப் பனித்துளிபோலப் படியும். மெசினுக்கு அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்ப்பை எரியவிட்டு மேலே பருத்தித் துணி போர்த்தினால் இரும்பு சுற்றிலும் உள்ள காற்றைவிட இரண்டு மூன்று பாகை சூடாக நிற்கும், ஈரம் படியாது. துணி பல்ப்பில் முட்டாமல் கம்பிக் கூடு போட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடுவது ஈரத்தை உள்ளே சிறைவைக்கிற வேலை. வழுக்குப் பாதைக்கு 68 இலக்க வழுக்கு எண்ணெய், வேலை முடிந்த ஒவ்வொரு நாளும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொல்லை ஈரமல்ல, மணல். பட்டறையின் மேற்குப் பக்க யன்னலை மூடியே வையுங்கள். ஸ்கேலின் மேல் படிந்ததைக் கம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள். ஊதினால் மணலும் சீவலும் ரப்பர் உதட்டைத் தாண்டி உள்ளே போகும். பழைய வண்ணத் தூரிகை போதும்.

கேள்வி: வேலை நடுவில் கரண்ட் போனால் பூச்சியம் போய்விடுமா? (வாசகர், பாலையூற்று)

பல திரைகள் கடைசி எண்ணை நினைவில் வைத்திருக்கும். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் கைப்பிடி அசைந்தால் அது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே வெட்டும் கூரின் நுனியைத் துண்டிலிருந்து விடுவிக்கச் சாடிலை மட்டும் விலக்குங்கள், கிராஸ்ஸ்லைட்டைத் தொடாதீர்கள். எக்ஸ் அப்படியே கிடைக்கும், இசட்டை மட்டும் துண்டின் முகத்தில் தொட்டு மீண்டும் எடுக்கலாம். பெரிய வேலை தொடங்குமுன் கண்ணாடி ஸ்கேலில் உள்ள குறிப்புப் புள்ளியைத் திரையில் பதிந்து வைத்தால் எது அசைந்தாலும் கவலையில்லை.

கேள்வி: டெயில்ஸ்டொக்குக்குப் பழைய டிஜிட்டல் வேர்னியரை வெட்டிப் பூட்டலாமா? (வாசகர், தம்பலகாமம்)

நன்றாகப் பூட்டலாம். துளையின் ஆழம் பார்க்க அந்த 150 மி.மீ. வேர்னியர் தாராளம். தாடைகளைக் கிரைண்டரால் வெட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிரவிடுங்கள், பட்டை சூடேறினால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் கிளம்பிவிடும். பெட்டிப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டுவதே நல்லது. கூலண்ட் பட்டால் எண்கள் உளறும். அது மின்தேக்க முறையில் வேலை செய்வது, ஈரத்தைத் தாங்காது. மேலே ஒரு தகரக் கூரை போட்டுவிடுங்கள். கிராஸ்ஸ்லைட்டுக்கு இதைப் போட வேண்டாம்.

கேள்வி: அங்குல டயல் உள்ள பழைய மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் என்னிடம் உண்டு. டி.ஆர்.ஓ.வோடு, கூர்ப் பிடிகளைச் சட்டென்று மாற்றும் குவிக் சேஞ்ச் டூல்போஸ்ட்டும் வாங்கினால் பயனிருக்குமா? (வாசகர், கன்னியா)

உங்கள் மெசினுக்குத்தான் கூடப் பயன். அதன் கிராஸ்ஸ்லைட் ஸ்குரூ அங்குலத்துக்கு 10 மரை. ஒரு சுற்று 2.54 மி.மீ. மி.மீ. வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்த டயலில் எண்ணுவது சித்திரவதை. டி.ஆர்.ஓ.வில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்கள் மி.மீ.இல் வந்துவிடும். மரை வெட்டும் கியர்களை மட்டும் அது மாற்றாது. அதற்குக் கியர் கணக்கு வேறு.

டூல்போஸ்ட்டை வாங்கியதும் ஒவ்வொரு பிடியிலும் கூரின் உயரத்தை மையத்துக்குச் சரிசெய்து, இலக்கம் குத்திவிடுங்கள். ஒரு துண்டைக் கடைந்து, முதலாம் பிடியால் விட்டத்தைப் பதியுங்கள். மற்றப் பிடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, அதே துண்டைத் தொட்டு, திரையின் டூல் நினைவில் அந்தந்த இலக்கத்துக்குச் சேமியுங்கள். அதன் பிறகு பிடியை மாற்றி இலக்கத்தை அழுத்தினால் விட்டம் தானாக வரும். பிடியை மாட்டுமுன் டூல்போஸ்ட்டின் முகத்தைத் துடைக்க ஒரு துணி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும். அதில் ஒட்டிய ஒரு சீவல் 0.05 மி.மீ. தள்ளும், நினைவில் வைத்த எண்ணெல்லாம் பொய்யாகிவிடும். டொப் ஸ்லைட்டைப் பதிவு செய்த பிறகு திருப்பினாலும் அதே கதிதான், அதைத் திரை காணாது. முழுதாக உள்ளே இழுத்து, கிப்பை இறுக்கி, அப்படியே விட்டுவிடுங்கள்.